அது வேற, இது வேற என்றீர்களே!

என் மகளைப் பங்கு போட்டுக்கொண்டவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

நெஞ்சை ஒருவர் எடுத்துக்கொண்டீர்கள். மூக்கை ஒருவர், தோலை ஒருவர், வயிற்றை ஒருவர். அவளுடைய தூக்கத்தையும் மனசையும் எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. அவை கேட்பாரற்றுக் கிடந்தன. ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்கு ஒரு சீட்டு எழுதினீர்கள். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்கும் இவளோட இளைப்புக்கும் சம்பந்தம் இருக்குங்களா?” என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “அது வேற, இது வேறம்மா.”

வேறு இல்லை. அவள் இளைப்புக்குப் பெயர் ஆஸ்துமா. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூக்கு ஒவ்வாமை கூட வரும். கரப்பான் வரும். சைனஸ் தொல்லை, தூக்கத்தில் மூச்சடைப்பு, எதுக்களிப்பு, உடல் பருமன், உணவு ஒவ்வாமை, பயம், மனச்சோர்வு எல்லாம் கூட வரும். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமும் வராது. ஆனால் எது வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். இது நான் கண்டுபிடித்ததல்ல. 1993இல் தொடங்கப்பட்ட ‘ஜினா’ என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு வெளியிடும் வழிகாட்டியில், கூடவரும் நோய்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மருத்துவம் படித்தவர்களுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எனக்குச் சொல்லாமல் என்னை வாசல் வாசலாக அலையவிட்டீர்கள். வயிறெரிந்து இதை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருவேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அந்தக் கூலி போச்சு. மூக்குக்கு ஒரு நாள், தோலுக்கு ஒரு நாள், நெஞ்சுக்கு ஒரு நாள் என்று நீங்கள் பிரித்துக் கொடுத்த ஒவ்வொரு நாளும் என் அடுப்பிலிருந்து எடுத்த நாள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். அவள் பட்ட பாட்டை எப்படிப் பொறுப்பேன்?

கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம் கசியும். களிம்பு எழுதிக் கொடுத்தீர்கள். வளர்ந்தால் போய்விடும் என்றீர்கள். அப்போதே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே! கரப்பான் கடுமையாக வந்த குழந்தைகளில் பலருக்குப் பின்னால் உணவு ஒவ்வாமையோ, மூக்கு ஒவ்வாமையோ, ஆஸ்துமாவோ வரக்கூடும் என்று தோல் மருத்துவமும் அறியும், குழந்தை மருத்துவமும் அறியும். “இந்தப் பிள்ளைக்கு இரவில் இருமல் வந்தாலோ, மூச்சு விசிலடித்தாலோ உடனே கூட்டி வாங்க” என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன செலவு? அது கிடைத்திருந்தால், ராத்திரி ராத்திரியாக இருமியதை நெஞ்சுச் சளி என்று நினைத்துக் கற்பூரவல்லிச் சாறு கொடுத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்திருக்க மாட்டோம்.

மூக்குக்கு வருகிறேன். விடிந்தால் அடுக்கடுக்காகத் தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்குத் தண்டின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒவ்வாமையின் அடையாளங்கள் என்று மருத்துவ மாணவருக்குச் சொல்லித் தரும் அத்தனையும் அவள் முகத்தில் எழுதியிருந்தது. பார்த்தவர்கள் சளி என்றார்கள். ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். மறுபடியும் சளி, மறுபடியும் ஆன்டிபயாட்டிக். பள்ளிக்கூடத்தில் மூக்கைத் தேய்த்ததற்கு “சுத்தமா இருக்கத் தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கிறது. மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப் பாதையின் இரு முனைகள். மேலே புண்பட்டிருந்தால் கீழே ஆறாது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வல்லுநர்கள் 1999இல் கூடிப் பேசி, 2001இல் ‘ஏரியா’ என்ற அறிக்கையாகவே இதை வெளியிட்டார்கள். மூக்கைச் சரியாகக் கவனித்த நோயாளிகள் இளைப்புக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் மகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதி வைத்த அறிவு இது. அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த ஒருவருக்கும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி அவள் மூக்குக்குள் பார்க்கத் தோன்றவில்லை. மூக்கைப் பார்த்தவருக்கு நெஞ்சில் காது வைக்கத் தோன்றவில்லை.

இரவைப் பற்றிக் கேட்டீர்களா? ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். பெரிய மனுஷனைப் போலக் குறட்டை விடுவாள். நடுவில் குறட்டை சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும், பிறகு திடுக்கென்று இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பாள். விடிந்தால் பாய் நனைந்திருக்கும். படுக்கையை நனைத்ததற்கு வீட்டில் திட்டு, வகுப்பில் கண் சொருகியதற்குப் பள்ளியில் திட்டு. ‘கவனக்குறைவு, மந்தம்’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினார்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து தூக்கத்தில் மூச்சை அடைக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமா அடங்க மறுக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு வரும் வாய்ப்பும் அதிகம். குறட்டை, பாய் நனைவது, பகல் தூக்கம், படிப்பில் சறுக்கல் எல்லாம் ஒரே சங்கிலி. பிள்ளையை மந்தம் என்று எழுதிய கையே, இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிவிட்டு வந்து உன் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் அவள்! அதற்கு நீ கொடுத்த மதிப்பெண் அதுவா?

வயிற்றைச் சொல்கிறேன். ராத்திரி இருமல் விடவில்லை என்றதும், அவளுக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறதா, எதுக்களிக்கிறதா என்று கேட்காமலே அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எழுதி மாதக்கணக்கில் கொடுக்க வைத்தார்கள். எதுக்களிப்பு ஆஸ்துமாவோடு கூடவரும் என்பது மெய். ஆனால் அதன் அறிகுறியே இல்லாத குழந்தைகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஆஸ்துமா குறையவில்லை, மூச்சுப்பாதைத் தொற்றுகள்தான் கூடின என்று 2012இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். கூடவரும் நோயைத் தேடாமல் விடுவது ஒரு கொடுமை. இல்லாத நோய்க்கு மருந்து ஊற்றுவது இன்னொரு கொடுமை. என் பிள்ளைக்கு இரண்டும் நடந்தது.

சாப்பாட்டையும் பிடுங்கினீர்கள். ‘வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, ஆரஞ்சு கூடாது, முட்டை கூடாது’ என்று அச்சடித்த தாள் ஒன்று கையில் கொடுத்தார்கள். ஒரு சோதனையும் செய்யவில்லை. இதைச் சாப்பிட்டால் இவளுக்கு என்ன ஆகிறது என்றும் கேட்கவில்லை. உண்மையான உணவு ஒவ்வாமை விளையாட்டல்ல. அது இருக்கும் ஆஸ்துமா பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தான தாக்குதல் வரும் அபாயம் கூடுதல் என்று வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. அப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டறிந்து காப்பாற்ற வேண்டும். ஒவ்வாமை உறுதிப்படாத பிள்ளைக்கு உணவை விலக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டிகள் சொல்கின்றன. வீட்டில் மாமியார் ஒரு பட்டியல், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பட்டியல், டாக்டர் ஒரு பட்டியல். கல்யாணப் பந்தியில் மற்ற பிள்ளைகள் தயிர்ச்சோறு பிசைந்து தின்றபோது என் மகள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படி ஒரு பக்கம் உணவைப் பறித்துக்கொண்டே மறுபக்கம் அவளைக் குண்டாக்கினீர்கள். ஆம், நீங்கள்தான். ஒவ்வொரு முறை இளைப்பு முற்றும்போதும் ஸ்டீராய்டு சிரப். இரண்டு நாளில் மூச்சு அடங்கும், பசி பேயாய் எடுக்கும், முகம் உப்பும். ஆபத்தான நேரத்தில் அந்த மருந்து உயிர் காக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அது மறுபடி மறுபடி தேவைப்படும் நிலைக்கு ஏன் விட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன். தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்பை, அதாவது இன்ஹேலரை, முதலிலேயே முறையாகக் கற்றுக் கொடுத்து, ஸ்பேசர் குழாய் மாட்டி, கையில் கொடுத்திருந்தால் சிரப்புக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காதே!

“பம்பு பிடிச்சா பழகிடும்”, “பொட்டப் புள்ளைக்குப் பம்பா? நாளைக்கு யார் கட்டுவா?”, “அதுல ஸ்டீராய்டு இருக்கு, வேண்டாம்” என்று ஊரே சொன்னது. மருந்துக் கடைக்காரரும் சொன்னார். தடுப்புப் பம்பில் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் போவது நூறு, இருநூறு மைக்ரோகிராம் அளவு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. சிரப்பில் போவது கிலோவுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம் கணக்கு. அது உடம்பு முழுக்கப் பரவுகிறது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இந்தக் கணக்கை மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தால் நான் ஊர் வாயை அடைத்திருப்பேன். ‘வீசிங்தான், வளர்ந்தால் சரியாகும்’ என்று மழுப்பி அனுப்பிவிட்டு, ஊர் வாய்க்கு எங்களை இரையாக்கினீர்கள்.

எடை ஏறியது. ஏறிய எடை மூச்சை இன்னும் கடினமாக்கியது. பருமனான பிள்ளைகளுக்கு ஆஸ்துமா எளிதில் கட்டுக்குள் வராது. ஓடினால் இளைத்தது, இளைத்ததால் ஓடவில்லை, ஓடாததால் எடை மேலும் ஏறியது. பி.டி. வகுப்பில் “குண்டா இருந்தா இப்படித்தான் வாங்கும், சோம்பேறி” என்று சிரித்தார்கள். ஆஸ்துமாவைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் அந்தப் பிள்ளை எல்லாரையும் போல ஓடலாம், நீந்தலாம், பந்தயத்தில் ஜெயிக்கலாம். அவளை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைத்தது அவள் உடம்பு அல்ல, உங்கள் அலட்சியம். அவளுடைய பம்பைப் பிடுங்கி ஆபீஸ் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கேட்கிறேன்: மூச்சு நின்றுபோகும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்களா?

கடைசியாக மனசு. இதைச் சொல்லும்போதுதான் என் கை நடுங்குகிறது.

அவள் பயப்பட ஆரம்பித்தாள். இருட்டினால் பயம். இருமல் வந்தால் பயம். “அம்மா, நான் தூங்க மாட்டேன். தூங்கிட்டா மூச்சு வுட மறந்துருவேன்” என்றாள். ஒரு குழந்தை சொல்லும் பேச்சா இது? ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் என்று உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பயம் வந்தால் மூச்சு வேகமெடுக்கும்; மூச்சு வேகமெடுத்தால் இளைப்பு என்று தோன்றும்; பம்பு எடுத்தாலும் அடங்காது; பயம் இன்னும் ஏறும். இதில், மூச்சுக்குழலை விரிக்கும் சல்புட்டமால் மருந்தைச் சிரப்பாகவும் கொடுத்தார்கள். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. எது நோய், எது பயம், எது மருந்து என்று பத்து வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்?

மூக்குக்கென்று மாண்டெலுகாஸ்ட் மாத்திரை எழுதினார்கள். மாதக்கணக்கில் கொடுத்தேன். இரவில் அலறிக்கொண்டு எழுந்தாள். பகலில் காரணமில்லாத கோபம், அழுகை. பேய் பிடித்தது என்று மந்திரிக்கச் சொன்னவர்கள் உண்டு. அந்த மருந்து சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுவரலாம் என்று 2020 மார்ச் மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மேல் பொறிக்க வைத்தது. மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பலனளிக்காதபோது மட்டுமே இதைக் கொடுங்கள் என்றும் சொன்னது. பல பிள்ளைகளுக்கு இது ஒரு தொந்தரவும் தராமல் பயன்படலாம். ஆனால் “ராத்திரி பயந்து எழுந்தா உடனே என்கிட்ட சொல்லுங்க” என்று எழுதிக் கொடுத்தவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சீட்டே இல்லாமல் அதை எடுத்து நீட்டிய கடைக்காரருக்கு அந்தப் பொறுப்பு இல்லையா? வேறொரு மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி, நிறுத்திய பிறகுதான் அவள் அலறாமல் தூங்கினாள்.

அந்த மருத்துவர் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்தவர். பை நிறையக் கொண்டுபோன சீட்டுகளை மேஜையில் பரப்பச் சொன்னார். பிறகு கேட்டார். குறட்டை விடுவாளா? காலையில் தும்முவாளா? கரப்பான் இருந்ததா? சாப்பிட்டதும் எதுக்களிக்குமா? எதையாவது தின்றதும் உடம்பு தடித்ததுண்டா? எடை எப்போதிலிருந்து ஏறியது? வீட்டில் கொசுவத்தி, சாம்பிராணி போடுவீர்களா? பம்பை எப்படி எடுக்கிறாய், எடுத்துக் காட்டு கண்ணு. பிறகு அவளையே பார்த்து, “உனக்கு என்ன பயம்?” என்று கேட்டார்.

அதைக் கேட்டுத்தான் எனக்கு நன்றியும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. இந்தக் கேள்விகளுக்கு ஸ்கேன் வேண்டாம், மிஷின் வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு நாற்காலியும் கொஞ்ச நேரமும் போதும். ஒரு கூட்டம் நிறைந்த அரசு ஆஸ்பத்திரியில் ஒருவரால் முடிந்தது என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய அத்தனை அறைகளில் ஏன் முடியவில்லை? இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் இரண்டு நிமிடம் அளவே என்று 2017இல் வெளியான பல நாட்டு ஆய்வொன்று சொன்னது. இரண்டு நிமிடத்தில் எந்தத் தாய் தன் பிள்ளையின் இரவுகளைச் சொல்லி முடிப்பாள்?

அரசையும் கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கினீர்கள். அதன் 30 குறைகள் அடங்கிய பட்டியலில் மூச்சுக்குழல் சுருக்கமும் இருக்கிறது, தோல் நோயும் இருக்கிறது. தனித்தனிக் கட்டங்களாக இருக்கிறது. இரண்டு கட்டத்திலும் குறி விழுந்த பிள்ளைக்கு அடுத்த கேள்வி என்ன என்று யார் கேட்கிறார்கள்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது, மனதார வரவேற்கிறேன். மூச்சுத் திணறும் குழந்தைக்கும் தடுப்புப் பம்பும் ஸ்பேசரும் தடையில்லாமல், வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டாமா? காப்பீட்டு அட்டை பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவுகிறது. படுக்காமல் காப்பாற்றும் மருந்துக்கு நான் ஓவர்டைம் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் இந்தியர் என்று உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. நம் மூச்சுக்குழல் மட்டும் தனியாகவா படைக்கப்பட்டது? அளந்து மருந்து தரும் பம்பு 1956இல் வந்துவிட்டது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு 1972இல் வந்துவிட்டது. அரை நூற்றாண்டாக மருந்து இருக்கிறது. மருந்து இருந்தும் பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்தால் அதை விதி என்று நான் ஏற்க மாட்டேன்.

மருத்துவர்களே, இளைப்பு என்று வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் மூக்கையும் தோலையும் தூக்கத்தையும் வயிற்றையும் எடையையும் பயத்தையும் கேளுங்கள். கேட்டதை ஒரே நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை அடுத்த மருத்துவர் புரட்டிப் பார்க்கட்டும். எழுதும் மருந்து என்ன செய்யும், என்ன கெடுக்கும் என்று எங்கள் மொழியில் சொல்லுங்கள். பள்ளிகளே, பம்பைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இளைப்பு வந்தால் என்ன செய்வதென்று ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். அரசே, பம்பையும் ஸ்பேசரையும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வை.

எங்கள் செக்கிங் டேபிளில் மட்டும் பை நிறையச் சீட்டோடு அலைகிற தாய்மார்கள் எத்தனை பேர் என்று இப்போது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; தாளில் எழுதியும் கொடுக்கிறேன். இனி உங்கள் அறைக்குள் வருபவர்கள் தலை குனிந்து சீட்டு வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். கேட்பார்கள். பதில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.